சிவப்பு வண்டிக்கு இறக்கை வேண்டாம்

"பின்னால இறக்கையெல்லாம் வேண்டாம். பறக்கறதுக்கா வாங்கினேன்?" என்றார் அந்த மனிதர். லாரியிலிருந்து இறக்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் கதவை வாஞ்சையாகத் தடவினார். "பழசுதான், ஆனா ராஜா. இந்த டயரோட ரோட்ல உருட்டினா பாவம் பிடிக்கும்னுதான் லாரியில ஏத்திட்டு வந்தேன்."

மெக்கானிக்குக் கிலி பிடித்தது. வந்தவருக்குக் கையில் தோல் உறை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஆளைப் பார்த்தால் பந்தய மைதானத்திலிருந்து நேரே வந்து நிற்பவர் போல இருந்தது. போனில் அவர் விசாரித்தபோது, "இந்த மாதிரி வண்டி நம்ம கையில எத்தனையோ வந்து போயிருக்கு சார்" என்று மெக்கானிக் வாய் கூசாமல் அளந்திருந்தார். நிஜத்தில் வந்து போனதெல்லாம் பால் வண்டியும் பள்ளிக்கூட வேனும்தான்.

"பழைய வண்டிக்கு முதல் செலவு ஓடறதுக்கு இல்லீங்க, நிக்கறதுக்கு" என்று பந்தயக்காரர் விரலை மடக்க ஆரம்பித்தார். "நாலு டயரும் புதுசு போடணும். பிரேக் பேட், பிரேக் ஆயில் ரெண்டும் மாத்தணும். எஞ்சினுக்குள்ள டைமிங் பெல்ட்டை எப்ப மாத்தினாங்கன்னு வித்தவனுக்கே தெரியலை, அதையும் மாத்திடுங்க. சைலன்சரைக் கத்த விடற வேலையெல்லாம் தெண்டம்."

"அதானே. நானும் அதையேதான் சொல்ல வந்தேன்."

"அப்புறம், இடது சீட்டுக்கு முன்னாடி இன்னொரு பிரேக் பெடல் வைக்கணும்."

மெக்கானிக் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். எதற்கு என்று கேட்டால் குட்டு உடைந்துவிடும். "வைக்காம இருப்போமா சார்? இந்த ரக வண்டியை அது இல்லாம நான் வெளியில அனுப்பறதே இல்லை" என்றார்.

உதிரிச் சாமான் அலமாரிக்குப் பின்னால் நின்று அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆள் தலை மறைந்ததும் வந்தாள். "ரெண்டு பிரேக் எதுக்காம்?"

"பந்தயத்துல பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து வழி சொல்லுவார்ல, அவருக்கு."

"இது நிஜமா, இப்ப அளந்ததா?"

"பாதிப் பாதி."

"நல்லா இருக்கு. வேலை முடிஞ்சு அந்த மனுஷன் ஒரு சுத்து ஓட்டிப் பார்த்தா, உங்க வண்டவாளம் தண்டவாளம் ஏறிடும். எதிர்க்கடை டயர்க்காரர் இப்பவே நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டார். அப்புறம் வேன்காரங்ககூட நம்ம வாசலை மிதிக்க மாட்டாங்க, பாத்துக்குங்க."

சொன்னாளே தவிர, கைவிட்டுவிடவில்லை. அவர் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றக் கழற்ற, அவள் வாங்கி முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக வைத்தாள். டைமிங் பெல்ட்டை மாட்டி முடித்தபோது அட்டையில் ஒரு போல்ட் மிச்சமாக இருந்தது.

"இது முட்டை போட்டது போல" என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார்கள்.

கடைசியில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி உறுமியது. மெக்கானிக் வலது சீட்டிலும் மனைவி இடது சீட்டிலும் உட்கார்ந்து, வண்டியை ஓர் அடிகூட நகர்த்தாமல், கல்யாண ஊர்வலம் போகிறவர்களைப் போல எதிர்க்கடையைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். ஆனாலும் உள்ளுக்குள் உதறல் போகவில்லை. கை பழகிய பந்தயக்காரர் முதல் வளைவிலேயே கண்டுபிடித்துவிடுவாரே.

சொன்ன நாளில் அவர் தன் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் தோளில் துணிப்பையும் காலில் கான்வாஸ் ஷூவுமாக அமைதியாக நின்றாள். அவரோ வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரை விரல் முட்டியால் தட்டி, குனிந்து பிரேக் பேடை எட்டிப் பார்த்து, "ம்" என்றார்.

"ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

மெக்கானிக் சாவியை நீட்டினார். அவர் மனைவி முட்டை அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். டயர்க்காரர் வசதியாகப் பார்ப்பதற்கு நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார்.

பந்தயக்காரர் வலது சீட்டில் அமர்ந்தார். கை உறையை இழுத்துவிட்டார், சீட் பெல்ட்டை மாட்டினார், பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியை இப்படியும் அப்படியும் வெகுநேரம் திருப்பினார். இடது சீட்டில் ஏறிய அம்மாள், காலடியில் இருந்த பெடலை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"நல்லாப் பிடிக்குதுங்க" என்று மெக்கானிக்கைப் பார்த்துப் புன்னகைத்தாள். "அருமையான வேலை."

வண்டி கிளம்பவில்லை. பந்தயக்காரரின் நெற்றியில் வியர்வை அரும்பியது.

மெக்கானிக் ஜன்னலருகே ஓடினார். "என்ன சார், ஏதாவது குறையா?"

அவர் குனிந்து தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள்தான் கணவர் பக்கம் திரும்பி, குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"பதட்டப்படாம, இதுல கிளட்ச் எதுன்னு முதல்ல சொல்லுங்க."