தளபதியின் கீழ்க் கைகள்

இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கியவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த விண்வெளி நாவல் சினிமாவாகப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து, நான்கு கைத் தளபதியாக யார் நடிப்பது என்று ரசிகர்கள் குழுவில் குடுமிப்பிடிச் சண்டை. இன்று காலை படத்தின் முதல் போஸ்டர் வந்தது. சண்டை இரண்டு மடங்கானது.

உயரம் போதாது என்றார்கள். வயசு போதாது என்றார்கள். இந்தப் பெண் கப்பலை ஓட்டுமா, கப்பல் இந்தப் பெண்ணை ஓட்டுமா என்று கேட்டு ஒருவர் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார்.

அவள் நடிகையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தளபதியின் இடது கீழ்க் கையைத்தான் பார்த்தாள்.

மணிக்கட்டுக்குச் சற்று மேலே, வளைந்த சின்னத் தழும்பு.

நாவலில் அப்படி ஒரு தழும்பே கிடையாது. அது அவள் வரைந்தது.

தளபதியை எத்தனையோ பேர் வரைந்தார்கள். எல்லாப் படத்திலும் கீழ்க் கைகள் இரண்டும் கடையில் வாங்கி ஒட்டவைத்த மாதிரி இருக்கும். அவள் படத்தில் மட்டும் உயிரோடு இருக்கும். எப்படி, எப்படி என்று குழுவே கேட்டது. அவள் சொன்னதில்லை.

பீரோக் கண்ணாடி முன்னால் அவள் நிற்பாள். பின்னால் அவள் கணவன் தலையைக் குனிந்து மறைந்து நின்று, அவளுடைய அக்குள் வழியாகத் தன் இரண்டு கைகளையும் நீட்டுவான். கண்ணாடியில் தளபதி வந்துவிடுவாள். பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு மேஜைக்கு ஓடுவாள், வரைவாள், மறுபடி ஓடி வருவாள்.

"டிராஃபிக் போலீஸ் மாதிரி நிக்க வச்சிட்டுப் போயிட்டியேடி!" என்று அதுவரை நீட்டிய கையோடு அவன் புலம்பிக்கொண்டிருப்பான்.

அவனுக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. சூடான தட்டு ஒருநாள் அவன் மணிக்கட்டுக்கு மேலே சுட்டுத் தழும்பாக்கிவிட்டது. கண்ணாடியில் தெரிந்ததை அவள் யோசிக்காமல் வரைந்துவிட்டாள். ரசிகர்கள் அதை விடுவார்களா? மூன்றாவது நிலவில் நடந்த போரில் பட்ட காயம் என்று கதை கட்டினார்கள். இப்போது சினிமாக்காரர்களும் அதை நம்பி மேக்கப் போட்டிருக்கிறார்கள்.

இதைச் சொல்லிச் சிரிக்க உலகத்திலேயே ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அந்த ஆளோடு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளுக்குப் பேச்சு இல்லை.

'என் படத்தை ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?' என்று அன்றைக்குக் கேட்டாள்.

'கை குடுத்தா போதாதா, கண்ணையும் குடுக்கணுமா?' என்று அவன் சிரித்தான்.

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. நாவலை ஒரு பக்கம் புரட்டாதவன், தளபதியின் பெயரைக்கூடக் கேட்காதவன், இத்தனை வருடமும் வெறும் கையாகத்தான் பின்னால் நின்றானா?

அன்று மாலையே, கீழ்க் கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்ட தளபதியை வரைந்து குழுவில் போட்டாள்.

சிறைப்பட்ட காட்சி, அபாரம் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். 'சும்மா வந்தவன்' என்ற பெயரில் உலவும் ஆசாமி மட்டும், "கீழ்க் கைகள் எங்கே?" என்று கேட்டிருந்தார்.

விசித்திரமான பிறவி அவர். யார் நடிக்கலாம், யார் கூடாது என்று ஒரு வார்த்தை எழுதமாட்டார். ஆனால் அவள் எந்தப் படம் போட்டாலும், வருடக்கணக்காக, கீழே அதே ஒரு வரி: "தழும்பு வலது கையில் இருக்கணும்." கிறுக்கு என்று அவளும் விட்டுவிடுவாள். அன்றைக்கு இருந்த கோபத்தில் அவரை பிளாக் செய்துவிட்டாள்.

கதவு திறந்தது. வேலை முடிந்து வந்தவன், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். வெந்த மாவின் வாசனை அறைக்குள் வந்தது.

வீராப்பை விழுங்கினாள்.

"ஏங்க... இங்க கொஞ்சம் வாங்களேன்."

துண்டைத் தோளில் போட்டபடியே வந்தான். அவள் படத்தைக் காட்டினாள்.

குனிந்து பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு தன் மணிக்கட்டை போன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"கை மாறியிருக்கே," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

கை மாறியிருக்கிறதா?

எழுந்து பீரோ முன்னால் போய் நின்றாள். வலது கையைத் தூக்கினாள். கண்ணாடிக்குள் எதிரே நின்றவள் இடது கையைத் தூக்கினாள்.

அவன் தழும்பு வலது கையில். அவள் கண்ணாடியைப் பார்த்து அப்படியே வரைந்திருக்கிறாள். தழும்பு வரைந்த முதல் படத்திலிருந்து இன்றுவரை, எல்லாமே இடது.

ஒரே ஒருத்தர்தான் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பாவம், அவரைப் போய் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

பிளாக்கை எடுத்தாள். முதன்முறையாக அவருக்குப் பதில் எழுதினாள்: "நீங்க சொன்னதுதான் சரி. வலது கைதான். மன்னிச்சிடுங்க."

அனுப்பினாள்.

ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் 'டிங்' என்றது.

"யாருன்னு பாரேன்!" தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குளியலறையிலிருந்து அவன் கத்தினான்.

அவள் சட்டையைத் தொடவில்லை.

"பார்த்துட்டேங்க," என்றாள்.