இஞ்சாரும்

சண்டை நாட்களில் பிடித்துக்கொண்டு போனவர்களை மாதம் ஒரு தடவை குடும்பத்துக்குக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டப்படி, இராணுவ முகாம் வாசலில் இருந்த அறையில் என் கணவர் குகநேசனைத் திரையில் காட்டினார்கள்.

"கௌரி, நான் சுகமாய் இருக்கிறன். வழக்கு ஒண்டும் போட வேண்டாம்."

முகமும் குரலும் அவருடையவைதான். ஆனால் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

பொறுப்பதிகாரியிடம் போனேன். "இது அவரில்லை, ஐயா. அவற்ற முகத்தையும் குரலையும் வைச்சு மெசின்தான் கதைக்குது. அவர் என்னை 'இஞ்சாரும்' எண்டுதான் கூப்பிடுவார்."

"பேர் சொல்லிக் கூப்பிட்டது ஒரு குற்றமே, அம்மா? பிரிஞ்சிருந்தா மனுசருக்குப் பாசம் கூடும்தானே!" என்று சிரித்தார். ஆனாலும் என் முறைப்பாட்டை ஒரு சொல் விடாமல் பதிந்துகொண்டார்.

அடுத்த மாதம் திரையில் வந்தவர், அடுப்படி வாசலில் நின்று கூப்பிடுவதுபோல், கொஞ்சம் இழுத்து, "இஞ்சாரும்" என்றார்.

என்னை அறியாமல் "ஓம், சொல்லுங்கோ" என்றுவிட்டேன். மனைவி அடையாளம் கண்டுவிட்டார் என்று அதிகாரி பதிந்தார்.

எனக்காக வழக்குப் போட முன்வந்த சட்டத்தரணி நிரஞ்சலா விடவில்லை. "வேற ஒரு அடையாளம் சொல்லுங்கோ, அக்கா. கோட்டில குடுத்து, ஆளை நேரில கொண்டுவரச் சொல்லிக் கேப்பம்."

"கோட்டில குடுத்தா, முகாமுக்கும் ஒரு பிரதி போகுமோ?"

"போகும். அதுதானே முறை."

எனக்கு மட்டுமே தெரிந்த குகநேசன் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தார். சொன்னால் அவரும் திரைக்குள் போய்விடுவார். சொல்லாவிட்டால் வழக்கு இல்லை.

"ஒண்டும் ஞாபகம் வரேல்லை, தங்கச்சி," என்றேன்.