விசாரணைக்கு முன் ஒரு பாடம்
விசாரணை அறையின் கதவு சாத்தியிருக்கிறது. வெளியே பெஞ்சில் லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே இருக்கும் அதிகாரிக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும் என்பதால், சூப்பர்வைசரான மச்சான் அவன் காதோரம் குனிந்து பாடம் நடத்துகிறார். "வார்த்தை வாலுல ஈ, டி சேத்துட்டா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம், மாப்ள. சொல்லு. கிளீன்ட். ஆயில்ட். செக்ட்." கிளீன்ட் வருகிறது. ஆயில்டும் வருகிறது. மூன்றாவதில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தலைக்கு மேலே ட்யூப்லைட் ரீங்கரிக்கிறது. நகக்கண்ணில் ஏறிய கிரீஸை அவன் பேன்ட்டில் தேய்க்கிறான். அது போவதாக இல்லை. "மச்சான், அன்னிக்கு பிரேக்க நான் பாக்கவே இல்லையே. நீங்கதானே அடுத்த பில்டிங்குக்கு ஓடச் சொன்னீங்க?" "மெதுவா பேசு!" மச்சானின் பார்வை எதிர்ப் பெஞ்சுக்குத் தாவுகிறது. லிஃப்ட் விழுந்து இரண்டு கால்களையும் இழந்தவனின் மனைவி அங்கே கண்ணை மூடியிருக்கிறாள். கைப்பையின் வாரை விரலில் இறுக்கிச் சுற்றியிருக்கிறாள். அவள் உதடுகளும் மனப்பாடம் செய்கின்றன. "ஹீ ஷவுட்டட்... ஹீ வெயிட்டட்... நோபடி ஹெல்ப்ட்..." கதவு திறக்கிறது. பியூன் தலையை நீட்டுகிறான். "மெக்கானிக் யாருப்பா? உள்ள வா." மச்சான் சத்தமில்லாமல் 'செக்ட்' என்று வாயசைத்துக் காட்டுகிறார். எழுந்து நடக்கும் மெக்கானிக்கின் வாயில் அவளுடைய பாடம்தான் ஓடுகிறது. நோபடி ஹெல்ப்ட்.