அத்தை பத்திரம்

"அம்மாவை மாத்திட்டேன். நல்ல ரேட்!"

விமான நிலையத்தில் பணம் மாற்றும் கவுன்ட்டரிலிருந்து மருந்துக்கடைக்காரர் வெற்றிப் புன்னகையோடு திரும்பினார்.

"மொத்த அத்தையையுமா?" என்றாள் அவர் மனைவி, கணக்கு டீச்சர்.

"மொத்தமும். கிழிஞ்ச ஒண்ணை மட்டும் வேண்டாம்னுட்டான்."

வெளிநாட்டில், பொது இடத்தில், 'பணம்' என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்பது டீச்சரின் கட்டளை. போன பயணத்தில் அவர் ரயிலில், "பணம் பத்திரமா?" என்று சத்தமாகக் கேட்க, அவள் அதைவிடச் சத்தமாக, "பச்சைப் பையில இருக்கு" என்று சொல்ல, அடுத்த நிறுத்தத்தில் பச்சைப் பை மட்டும் இறங்கிப் போய்விட்டது.

அதனால் இந்த முறை ரகசிய வார்த்தை. அவள் 'அத்தை' என்பாள். அவர் 'அம்மா' என்பார்.

"உனக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?" என்று கிளம்பும்போதே அவர் முனகினார்.

"மாமியார்னு சொன்னா எந்தத் திருடனும் கிட்ட வரமாட்டான்."

கார்டு அங்கே செல்லாது என்று வங்கியில் கைவிரித்துவிட்டார்கள். எட்டு நாள் சாப்பாடு, தங்கல், சுற்றல் எல்லாமே அந்த நோட்டுக்கட்டுதான். டாக்ஸிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவளிடம் கொடுத்தார். டீச்சர் அதைத் துணிப்பையில் போட்டு, இடுப்பில் இறுக்கிக் கட்டி, மேலே கோட்டையும் மாட்டிக்கொண்டாள்.

"பாருங்க, அத்தை இருக்கிற இடமே தெரியல!"

வாசலில் வந்து நின்ற டாக்ஸி தீப்பெட்டி மாதிரி இருந்தது. டிக்கியில் இரண்டு பெட்டி. மூன்றாவது, பின் சீட்டை அடைத்துக்கொண்டது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"நான் பெட்டியோட முன்னால போறேன். நீ அடுத்த வண்டியில அம்மாவோட வா!"

"சரி சரி, ஏறுங்க!"

பாதி வழியில் அவருக்கு மனசு கேட்கவில்லை. போன் போட்டார்.

"அம்மா உன்கூடத்தானே?"

"என்கூடத்தான். பிடிச்ச கையை எடுக்கவே இல்ல."

"விட்டுடாத. புது ஊரு."

"விடுவேனா? அத்தை இல்லன்னா நாம நடுத்தெருவுலதான் நிக்கணும்."

மருந்துக்கடைக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துக்கொண்டார். இருபது வருஷத்தில் அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லை.

அவர் ஓட்டலை அடைந்த பத்தாவது நிமிடம் டீச்சரும் வந்து சேர்ந்தாள். கோட்டின் மேல் பெருமையாகத் தட்டிக் காட்டினாள்.

"அத்தை பத்திரம்!"

அவர் சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவேற்பு மேஜைப் பெண் பதிவைப் பார்த்தாள், இருவரையும் பார்த்தாள், மூன்று விரல்களைக் காட்டினாள்.

டீச்சரின் முகம் வெளுத்தது. "உங்ககூடத்தானே வந்தாங்க? பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்காங்கன்னுல்ல நினைச்சேன்!"

"அடிப்பாவி! போன்ல கேட்டதுக்கு, என்கூடத்தான்னு சொன்னியே!"

"நான் இடுப்புல இருக்கிற அத்தையைச் சொன்னேங்க!"

"நான் ஏர்போர்ட்ல பாத்ரூம் போன அம்மாவைக் கேட்டேன்டி!"