துரைக்குச் சோறு

“இந்த நாய் வாசப்படியைத் தாண்டிச்சு, நான் இன்னைக்கே ஊருக்கு ரயில் ஏறிருவேன். சொல்லிட்டேன்!”

மதீனா பீவியின் குரல், வடாலாவில் இருந்த அந்த மூன்று மாடிக் குடியிருப்பு முழுவதும் கேட்டது.

அவள் கணவர் கலீலுல்லா கையில் கயிற்றோடு வராந்தாவில் நின்றார். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். கயிற்றின் மறுமுனையில் ஒரு ராஜபாளையம் வேட்டை நாய். தோலும் எலும்புமாக, நீண்ட கால்கள் நடுங்க நின்றது.

“ஸ்டிரைக்குல மில்லைப் பூட்டிட்டு, இதைக் கேட்டுலயே கட்டிப் போட்டுட்டுப் போயிட்டானுவ மதீனா. கேக்க நாதியில்ல.”

“அதுக்கு? நாயைத் தொட்ட கையோட தொழப் போவீகளோ?”

“நாயை எங்க தொட்டேன்? கயித்தைத்தான புடிச்சிருக்கேன்.”

அடுத்த வீட்டு அனந்தநாராயணன் ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சிரித்துக்கொண்டே சமாதானத்துக்கு வந்தார்.

“வாயில்லா ஜீவன். வராந்தாக் கோடியில கட்டுங்கோ பாய். நான் பாத்துக்கறேன்.”

“பாத்துக்கிடுங்க. துரைக்குக் கட்டில் மெத்தையும் போட்டுக் குடுங்க!”

மதீனா பீவி கதவைச் சாத்தினாள். நாய்க்குத் துரை என்றே பெயர் நிலைத்தது.

துரைக்கு வீடு என்பது பழக்கமே இல்லை. குக்கர் விசிலடித்தால் நடுங்கியது. யாராவது வாளியைக் கீழே வைத்தால் சுவரோடு ஒண்டியது. தட்டைக் கண்டாலோ நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. மில்லில் தட்டாலேயே அடித்தார்களோ என்னவோ.

கலீலுல்லா கறிச்சாறு பிசைந்த சோறு வைத்தார். தொடவில்லை. அனந்தநாராயணன் பாலில் பிஸ்கட் ஊறவைத்துக் கொண்டுவந்து, தட்டைக் குடை முனையால் அதன் பக்கம் தள்ளினார். அதையும் தொடவில்லை.

“கொண்டாந்து சாகடிச்சிருவேனோன்னு பயமா இருக்கு சார்” என்றார் கலீலுல்லா. அவருக்கே சோறு இறங்கவில்லை.

“அன்பு காட்டணும் பாய். மிருகத்துக்கு எல்லாம் தெரியும்.” அனந்தநாராயணன் குரலைத் தாழ்த்தினார். “தப்பா நெனச்சுக்காதீங்கோ. உங்காத்துல அந்தம்மா போடற சத்தத்துல, அது எப்படிச் சாப்பிடும்?”

சத்தம் உண்மைதான். மதீனா பீவி அந்த வழியாகப் போகும்போது ஒரு ஏச்சு, வரும்போது ஒரு ஏச்சு.

“ஒட்டகம் மாதிரி காலை நீட்டிக்கிட்டுக் கெடக்கு! மனுசி நடக்க வேண்டாமா?”

ஆனாலும் கொஞ்ச நாளில் துரை தேறியது. ஆண்கள் வேலைக்குப் போகும்போது நிறைந்திருந்த தட்டு, திரும்பி வரும்போது காலியாக இருந்தது. குக்கர் விசிலுக்குத் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. ஒருநாள் வால்கூட ஆடியது.

“பாத்தேளா? பாலும் பிஸ்கட்டும்! எல்லாம் நம்ம கை ராசி” என்று அனந்தநாராயணன் மூன்று மாடிக்கும் சொல்லி முடித்தார். ஆபீசிலும் சொன்னார்.

பிறகு கலீலுல்லாவிடம் வந்தார்.

“செம்பூர்ல என் மச்சினனுக்குக் காம்பவுண்டு வச்ச வீடு. துரையை அங்க விட்டுடலாம் பாய். இந்த ஏச்சுல இருந்தா திரும்பவும் படுத்துடும்.”

கலீலுல்லா நாயைப் பார்த்தார்.

“அவளும் தெனம் ஏசத்தான் செய்யுதா. கொண்டு போங்க சார். அதுவாவது நல்லா இருக்கட்டும்.”

மறுநாள் அனந்தநாராயணன் அரை நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானமே வந்துவிட்டார். டாக்ஸியைக் கீழே நிறுத்திவிட்டுப் படியேறினார்.

மேலே மதீனா பீவியின் குரல்.

“கரிமுடிவானே! எம்புட்டு நேரம் ஒன்கூட மல்லுக்கட்ட? தொற வாயை!”

அடிக்கிறாள் என்று நினைத்து ஓடினார்.

மதீனா பீவி வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். தட்டு, துரையின் கண்ணில் படாமல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதிலிருந்து சோற்றை எடுத்து உள்ளங்கையில் ஏந்திப் பிடித்திருந்தாள். துரை நக்கித் தின்றுகொண்டிருந்தது. அவள் மணிக்கட்டு வரைக்கும் எச்சில்.

அவரைக் கண்டதும் திடுக்கிட்டாள்.

“தட்டுல வச்சா திங்க மாட்டேங்குதே, என்ன செய்யச் சொல்லுதீக? அவுக கிட்டச் சொல்லிராதீக. தெரிஞ்சா நாளைக்கு ஒரு குதிரையைப் புடிச்சிட்டு வந்து நிப்பாக.”

“நீங்க... உங்கள்ல நாயைத் தொட்டா...”

“எச்சி பட்டா ஏழு தடவை கழுவணும். அதுல ஒரு தடவை மண்ணு போட்டுக் கழுவணும். அப்பத்தான் தொழலாம்.” பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு டப்பாவில் மண்ணும் இருந்தன. “கழுவிட்டுப் போறேன். கை என்ன தேஞ்சா போயிரும்?”

கீழே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். துரை பதறிப்போய் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

“இன்னைக்குக் கொண்டு போறீகளாமே. சொன்னாக.” அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “போற எடத்துல தட்டைக் காட்டிராதீக. கையில வச்சுத்தான் குடுக்கணும். இன்னும் ரெண்டு வாய் இருக்கு. நீங்களே குடுத்துப் பழக்குங்க.”

அனந்தநாராயணன் குனிந்து சோற்றை எடுத்து நீட்டினார். துரை தயங்கித் தயங்கி வந்து மோந்து பார்த்தது. அதன் ஈர மூக்கு விரலில் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சோறு தரையில் சிதறியது.

மதீனா பீவி சிதறியதைப் பொறுக்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

அவர் கீழே இறங்கி வந்தார்.

“குத்தா கிதர் ஹை, சாப்?” என்று நாய் எங்கே எனக் கேட்டார் டாக்ஸிக்காரர்.

“வரல. நீ போ.”

விரலைக் கைக்குட்டையால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அன்றுவரை அவர் துரையை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.