வாசலில் ஒரு கிணறு

"யாருடி வாசப்படிக்கு நேரா கிணத்த வெட்டுனது?"

மலையம்மாள் கதவு நிலையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். காலுக்கு ஒரு முழம் தள்ளி, வட்டமாக, கன்னங்கரேல் என்று கிடந்தது. சுற்றுச்சுவர் இல்லை, மறிப்புக்கு ஒரு முள்ளுகூட வெட்டிப் போடவில்லை. எந்தப் புண்ணியவான் பார்த்த வேலையோ!

காபி டம்ளரோடு வந்த சபியா, அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மறதிக்காரர்கள் இருக்கிற அந்த இல்லத்தில் மலையம்மாளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான்.

"கிட்டப் போகாதீங்க ஆத்தா."

"எம்புட்டு ஆழம்டி?"

சபியா தரையைப் பார்த்தாள். "ஆழந்தான். நீங்க உள்ள வாங்க."

"அப்ப நீங்கள்லாம் எப்படித் தாண்டிப் போறீக?"

"எங்களுக்குப் பழகிப்போச்சு ஆத்தா."

அடுத்த அறை ஒச்சம்மாளும் வந்து எட்டிப் பார்த்தாள். "ஆத்தி!" என்று நெஞ்சில் கைவைத்துப் பின்னாலேயே நகர்ந்து போய்விட்டாள்.

மலையம்மாளுக்குக் கிணறு தெரியாதா என்ன? கொட்டாம்பட்டிப் பக்கம் ஊர் ஊராகக் கிணறு வெட்டப் போய், தலையில் மண் சுமந்துதான் மகள் இசைவாணியைப் படிக்க வைத்தாள். காலையில் தின்றது இட்லியா தோசையா என்று கேட்டால் முழிப்பாள். கிணறு விஷயத்தில் அவளிடம் யாரும் கதை விட முடியாது.

"ஏண்டி, வெட்டுனவனுக மண்ண எங்கடி கொட்டுனானுக? ஒரு கூடை மண்ணைக்கூடக் காணமே?"

சபியா காபியை நீட்டினாள்.

வாசலைத் தாண்டினால் வேப்பமரம், அதன் கீழே சிமெண்ட் பெஞ்சு. விடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து, ரோட்டில் போகிற பஸ்ஸையெல்லாம் வேடிக்கை பார்ப்பாள். இந்தக் கிணறு வந்த பிறகு பெஞ்சும் போச்சு, பஸ்ஸும் போச்சு. கண்ணை மூடினால் யாரோ உள்ளே விழுகிற மாதிரியே இருந்தது. ஒருநாள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து குறுக்கே போட்டாள். அதையும் எடுத்துவிட்டார்கள், பாவிகள்!

எல்லாம் அந்தக் காளவாசல் கூத்துக்கு அப்புறம்தான். இல்லத்திலிருந்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போன மலையம்மாள், காளவாசல் சிக்னல் பக்கம் நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டாள். பஸ்காரர் சடாரென்று பிரேக்கை மிதித்ததால் பிழைத்தாள். பழங்காநத்தத்திலிருந்து இசைவாணி அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

"சார், எங்கம்மாவப் பூட்டி மட்டும் வச்சிராதீங்க. காலம்பூரா வெயில்ல கெடந்த மனுசி, செத்தே போயிரும். ஆனா வெளியவும் விட்டுறாதீங்க சார்."

"வழி இருக்கு மேடம். ஒரே ஒரு சாமான் மட்டும் வாங்கிக் குடுத்துட்டுப் போங்க," என்றார் இல்லத்தை நடத்துகிற விக்ரம். "இங்க நாங்க யாரையும் பூட்டி வைக்கிறதில்ல. கதவு தொறந்தேதான் கெடக்கும், பாருங்க."

பேச்சில் குறை சொல்ல முடியாது. இன்றைக்கும் கதவு ஆவென்று திறந்துதான் கிடந்தது. மலையம்மாள் நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தபோது, கேட்டுக்கு முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

இசைவாணி இறங்கினாள். ஒரு கையில் பணியாரப் பொட்டலம், ஒரு கையில் செல்போன். மலையம்மாளுக்கு உயிரே போய்விட்டது. கீழே பார்க்காமல் வருகிறாளே இந்தப் பாவி மக!

"இசை! வராத! அங்கனயே நில்லு!"

இசைவாணியின் முகம் சுருங்கிப்போனது. "என்னம்மா, நான் யாருன்னு தெரியலையா?"

"தெரியுதுடி! தெரிஞ்சுதான் சொல்றேன். கிட்ட வராத, போயிரு தாயி!"

இங்கே கொண்டுவந்து விட்ட கோபம் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை என்று நினைத்தாள் மகள். "வையி, நல்லா வையி. வாரேன் இரு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள்.

மலையம்மாள் மறுபடி கத்த வாயைத் திறந்தாள். பிடித்த பிடியைக் கை விடமாட்டேன் என்றது. அதற்குள் மகள் படியேறிவிட்டாள். செருப்புக் கால் அந்தக் கறுப்புக்கு மேலே வந்துவிட்டது.

நிலையை விட்டாள் மலையம்மாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "ஆத்தா, எம்புள்ளையக் காப்பாத்து!" என்று உள்ளே குதித்தாள்.

முழங்கால் ரெண்டும் நங்கென்று மோதின. பணியாரம் சிதறி உருண்டது. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. கைக்குச் சிக்கிய மகளின் காலைக் கட்டிக்கொண்டு, குனிந்து, தன் தோளைத் தட்டிக் காட்டினாள்.

"புடிச்சிட்டேன் தாயி, பயப்படாத. எந்தோள்ல கால வச்சு மேல ஏறு. வெரசா ஏறு. நான் உள்ள கெடந்தா கெடக்குறேன், நீ ஏறிப் போயிரு."

இசைவாணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முழங்காலுக்கு அடியில் கிடந்ததைப் பார்த்தாள். அப்புறம்தான் வெடித்து அழுதாள். சத்தம் கேட்டு விக்ரம் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"சார், நான் வாங்கிக் குடுத்த இந்தக் கறுப்புக் கால்மிதிய மொதல்ல எடுங்க!"