வாய் திறக்காத முதலாளி

மார்ச் மூன்றாம் தேதி காலை, நான்காவது மாடியிலிருந்த அந்தச் சின்ன கம்பெனிக்கு, பேச்சை எழுத்தாக்கும் கருவியைப் பார்க்க மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். இதுவும் தட்டிப்போனால் மாதக் கடைசியில் கம்பெனியை மூடுவதென்று அதை நடத்திய புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்திருந்தார்கள்.

"நீங்க வாயே திறக்கக் கூடாது" என்று பெண்டாட்டி முன்னாலேயே புருஷனிடம் சொல்லிவைத்திருந்தாள். "முன்னாடி பாக்க வந்த ரெண்டு பேரும் நீங்க பேசினதுலதான் எழுந்து போனாங்க. செஞ்சது நீங்க, விக்கிறது நான்."

முதலாளி தலையாட்டினார்.

அவள் மைக்கில் கணீரென்று சொன்னாள்: "நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை."

திரையில் தலையும் வாலும் இல்லாமல் ஏதோ வந்தது. மறுபடி சொன்னாள். அதே கதி.

"இதுக்கு யார் பேசிப் பழக்கினது?" என்றார் டாக்டர்.

"ரெண்டு வருஷமா இவர்தான், கதவச் சாத்திக்கிட்டு..." என்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வேறு யாரையும் அதனிடம் பேசவிட்டுப் பார்க்கவே இல்லை.

"அப்ப அவரே பேசட்டுமே."

அவள் கண்ணாலேயே தடுத்தாள். அவர் மைக்கை இழுத்துக்கொண்டார்.

"நோ... நோ... நோயாளிக்குக் கா... கா..."

முகம் சிவக்க, திக்கித் திணறி அவர் முடித்தபோது, திரையில் வாக்கியம் பிசகில்லாமல் நின்றது.

"மன்னிக்கணும் டாக்டர், சின்ன வயசுலேர்ந்தே இவருக்கு..."

"எதுக்கும்மா மன்னிப்பு? நான் பக்கவாதப் பிரிவு. எங்க நோயாளிங்க யாரும் உங்கள மாதிரி கடகடன்னு பேச மாட்டாங்க."

அந்த வாரமே பக்கவாதப் பிரிவில் ஒரு கருவி சோதனைக்கு வைக்கப்பட்டது. மாதக் கடைசியில் கம்பெனி மூடப்படவில்லை.